மருந்தில்லாமல் வெடிக்கும் விஷம்

பட்டாசு ஊரான ஏழாயிரம்பண்ணையின் பிள்ளைகளுக்கு வெடியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திரியில் நெருப்புப் பட்டால்தான் உள்ளே இருக்கும் மருந்துக்கு வேலை. நெருப்பும் மருந்தும் இல்லாமலே வெடிக்கிற ஒன்று தண்ணீருக்குள் இருக்கிறது தெரியுமா?

தூத்துக்குடிப் பக்கம் கடலில் இறங்கியவர்களைக் கேளுங்கள். சொறி பட்ட இடம் தடித்து எரியும் என்பார்கள். பாடப்புத்தகத்து ஜெல்லிமீன்தான் அந்தச் சொறி. பெயரில்தான் மீன், எலும்பும் கிடையாது, மூளையும் கிடையாது.

ஜெல்லிமீன் ஆற்றிலும் உண்டு! மேற்குத் தொடர்ச்சி மலையில் நன்னீர் ஜெல்லிமீனைக் கண்டெடுத்தவர் அகர்கர் என்ற ஆய்வாளர். அந்தச் செய்தி 1912இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதுவரை அந்த வகை ஆப்பிரிக்காவில் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்தார்கள். இதில் வேடிக்கை, அகர்கர் தாவரவியல்காரர்! புனேயில் இன்றும் அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

இனி வெடிக்கு வருவோம். ஜெல்லிமீனின் உணர்கொம்புகளில் கொட்டும் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணிய உறை. அதற்குள் சுருட்டி வைத்த ஊசிநூலும் விஷமும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்தான் திரி. இரை அதில் உரசினால் போதும், ஊசி பாய்ந்துவிடும்.

மருந்து இல்லாமல் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? உறைக்குள் அடர்த்தியாகக் கரைந்திருக்கும் பொருள்கள் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. அழுத்தம் ஏறி ஏறி, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 150 மடங்கு ஆகிவிடும். ஜெல்லிமீனின் உறவான ஹைட்ராவை ஜெர்மானிய ஆய்வாளர்கள் நொடிக்கு 14 லட்சம் படங்கள் பிடிக்கும் கேமராவால் படமெடுத்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி பாய எடுத்துக்கொண்ட நேரம், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஓர் உறை ஒருமுறைதான் வெடிக்கும். பிறகு புதிது வளர வேண்டும்.

விஷத்தில் இருப்பவை பெரும்பாலும் புரதங்கள். சில, செல்லின் சவ்வில் ஓட்டை போடும். சில, நரம்பை முடக்கும். ஆஸ்திரேலியக் கடலில் உள்ள பெட்டி ஜெல்லிமீன் ஆளையே கொன்றுவிடும். நன்னீர் ஜெல்லிமீனோ இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. அதன் ஊசி பொதுவாக நம் தோலைத் துளைக்காது. அதே ஊசி தண்ணீர்ப்பூச்சிக்கு எமன்.

ஆற்று ஜெல்லிமீன் கண்ணில் படுவது அபூர்வம். ஹைட்ரா அப்படியல்ல, குளத்துப் பாசியிலேயே ஒட்டியிருக்கும். அதைப் பார்க்க ஆசைப்பட்டால், நீங்கள் தண்ணீரில் இறங்காதீர்கள். பெரியவர்களைப் பாசி எடுத்துத்தரச் சொல்லுங்கள். பாசியைக் குளத்துத் தண்ணீரோடு கண்ணாடிக் குவளையில் போட்டு, ஒருநாள் ஆடாமல் வையுங்கள். நூல்துண்டு போல ஏதாவது கண்ணாடியில் ஒட்டியிருந்தால் லென்ஸை எடுங்கள். தொட்டதும் அது சுருங்கினால் ஹைட்ராவாக இருக்கலாம்.