ஓரக்கல்லில் மோதிய கார்

மோட்டார் வண்டியின் சக்கரம் நடைபாதை ஓரக்கல்லில் மோதுவதை எவரும் விபத்தாகக் கருதுவதில்லை. கண்ணாடி உடைவதில்லை, கூட்டம் கூடுவதில்லை, போலீஸாருக்கும் வேலையில்லை. ஓட்டியவர் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். வண்டி மறுபடியும் ஓடுகிறது. ‘தப்பித்தோம்’ என்று எண்ணி அத்துடன் மறந்துவிடுகிறார். ஆனால், கண்ணுக்குத் தெரிந்த கீறலைவிடக் கண்ணுக்குத் தெரியாத வளைவே இங்கு அபாயமானது. ஓடுகிற வண்டியெல்லாம் நலமான வண்டி ஆகிவிடாது.

இதை நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தில்லியில் படிக்கும் நம்மவருள் சிலரிடம் கைமாறி வந்த பழைய சிறு கார்கள் இருக்கின்றன. நாலைந்து பேர் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு, விடுமுறையில் ஊருக்கே ஓட்டிச் செல்வதும் உண்டு. ஆக்ரா, ஜான்சி, நாகபுரி, ஐதராபாத் என்று 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. அவ்வழியில் சக்கரம் ஒன்று கைவிட்டால் ஐந்து குடும்பங்கள் கலங்கும். நான் மெக்கானிக் அல்லேன். பௌதிகம் பயிலும் மாணவன். எனினும் விசை, கோணம், சாய்வு என்று நாம் வகுப்பில் படிக்கும் செய்திகளே இங்கும் வேலை செய்கின்றன. அவற்றைக் கொண்டு, மோதிய காரின் குறையை எவ்வாறு கண்டறிவது என்று ஆராய்வோம்.

மோதலில் நிகழ்வது யாது?

சாலையின் மேடுபள்ளங்களில் சக்கரம் மேலும் கீழும் அசைகிறது. அவ்வசைவை ஏற்றுக்கொள்ளவே சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் அமைந்துள்ளன. ஓரக்கல்லோ சக்கரத்தைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தள்ளுகிறது. அத்திசையில் தாங்குவதற்கு வில் இல்லை. ரப்பர் புஷ்கள் சிறிதளவே இணங்கிக் கொடுக்கும். மிச்சத்தை இரும்புதான் ஏற்கவேண்டும்.

வேகத்தின் பங்கையும் நினைவிற் கொள்க. 900 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,800 ஜூல். 30 கிலோமீட்டர் வேகத்திலோ 31,000 ஜூலுக்கு மேல். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே ‘மெதுவாகத்தான் வந்தேன்’ என்ற பேச்சை அப்படியே ஏற்பதற்கில்லை.

இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. 1983-இல் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800-இன் முன்சக்கரங்களும் இவ்வகையே. இதில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு தூண் செங்குத்தாக நிற்கிறது, அதுவே ஸ்ட்ரட். அதன் அடியில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்னும் இரும்புத் துண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளது. கீழே, லோயர் ஆர்ம் என்னும் கை, ஒரு பால் ஜாயிண்டின் வழியாக அந்த நக்கிளைப் பிடித்துக்கொள்கிறது. சக்கரத்தை இடவலமாகத் திருப்புவது டை ராட் என்னும் மெல்லிய தண்டு. மோதலில் இவற்றுள் எதுவும் வளையலாம். மெல்லியதாகையால் டை ராடும், வழியில் நிற்பதால் லோயர் ஆர்மும் அடிக்கடி அகப்படுகின்றன.

நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். ஆகவே நடைபாதைக் கல்லில் அடிபடுவது பெரும்பாலும் இடப்பக்கச் சக்கரங்களே. சாலை நடுவிலுள்ள தடுப்புக்கல்லில் மோதினால் வலப்பக்கம். எந்தச் சக்கரம் மோதியது என்பதை அப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

மூன்று கோணங்கள்

அலைன்மெண்ட் என்று பட்டறைக்காரர் சொல்வது சக்கரம் நிற்கும் கோணங்களைத்தான். அவை முக்கியமாக மூன்று.

முதலாவது டோ. மேலிருந்து நோக்கினால், முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, கால்விரல்களை உள்நோக்கித் திருப்பி நடப்பவரைப் போல உட்சாய்ந்துள்ளனவா என்பது இது. டயரை மிக விரைவில் தின்பது இந்தப் பிழையே. இரு சக்கரங்களுக்கும் இடையே 1 பாகை பிழை இருப்பதாகக் கொள்வோம். நேராக ஓடும்போது அவை ஆளுக்குப் பாதியாக அதைப் பகிர்ந்துகொள்ளும். அப்போது ஒவ்வொரு டயரும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுவதற்குச் சமம். 2,000 கிலோமீட்டர் சென்றால் 17 கிலோமீட்டருக்கு மேல்! ரப்பர் எப்படித் தாங்கும்?

இரண்டாவது கேம்பர். முன்னிருந்து நோக்கும்போது சக்கரத்தின் உச்சி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு இது. மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை அனைவரும் கண்டிருக்கிறோம். கையை விட்டாலும் சைக்கிள் நேரே போக முயல்வதற்கு அச்சாய்வும் ஒரு காரணம். காரிலும் திரும்பிய ஸ்டியரிங் தானே நடுவுக்கு மீள்வதற்கு இச்சாய்வு உதவுகிறது.

இம்மூன்றில் டை ராடைத் திருகி மாற்றக்கூடியது டோ மட்டுமே. கேம்பரையும் காஸ்டரையும் மாற்றுவதற்குப் பல சிறு கார்களில் வழியே வைக்கப்படவில்லை. அவை மாறியிருந்தால் ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது அல்லது இடம் பெயர்ந்திருக்கிறது என்பதே பொருள். இந்த ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

நின்ற இடத்தில்

முதலில் டயரைப் பார்க்கவேண்டும். கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டயரின் பக்கச்சுவர் நசுங்கும்போது உள்ளே உள்ள நூலிழைகள் அறுபடுகின்றன. அவ்விடத்தில் காற்று, கொப்புளம்போல் ரப்பரை வெளியே தள்ளும். இக்கொப்புளம் சில நாள் கழித்தும் தோன்றலாம். உட்பக்கச் சுவரிலும் தோன்றலாம். இதற்கு ஒட்டுப்போட இயலாது. அந்த டயர் முடிந்தது, ஸ்டெப்னியை மாட்டவேண்டியதுதான்.

அடுத்து ரிம்மின் விளிம்பு. வளைந்திருந்தால் ட்யூப்லெஸ் டயரில் காற்று மெல்லக் கசியும். பிறகு, மட்டமான தரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இருபுறமும் நாடாவால் அளக்கவேண்டும். ஒருபுறம் 1 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அப்பக்கத்து லோயர் ஆர்ம் பின்னே தள்ளப்பட்டிருக்கிறது என்று ஐயுறலாம்.

கேம்பரை அளக்க ஒரு நூலும் கல்லும் போதும். டயரின் புடைப்பில் படாதவாறு நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரங்களை அளந்து கழிக்கவேண்டும். 14 அங்குல ரிம்மில் 6 மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 1 பாகைக்குச் சமம். இடம், வலம் இரண்டையும் ஒப்பிடுவதே இங்கு முக்கியம்.

ஓடும்போது

ஸ்டியரிங் மிகவும் கோணியிருந்தாலும், சக்கரம் எங்கேனும் உரசினாலும் ஓட்டிப் பார்க்கவே கூடாது. இழுத்துச் செல்வதே முறை. அவ்வாறில்லையெனில், ஆள் நடமாட்டமற்ற மட்டமான சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். மழைநீர் வழிவதற்காக நம் சாலைகள் பெரும்பாலும் இடப்புறம் சற்றே சரிந்திருக்கும். ஆகவே இடப்பக்கம் இலேசாக ஒதுங்குவதை நோயாகக் கொள்ளவேண்டாம்.

வண்டி நேரே போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால், டை ராட் வளைந்திருக்கலாம். பின்சக்கர உத்தரமும் திரும்பியிருக்கலாம். பின்சக்கரங்கள் நண்டுபோல் ஒருபக்கமாக நடக்கின்றனவா என்பதை அறிய, தேங்கிய நீரில் ஓட்டி ஈரத் தடங்களைப் பார்த்தால் போதும். முன்தடத்திலிருந்து பின்தடம் இருபுறமும் ஒரே அளவு விலகியிருக்கவேண்டும்.

ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால், கேம்பர், காஸ்டர், டயர், பிரேக் ஆகிய நான்கையும் ஐயுறவேண்டும். ஓட்டம் முடிந்ததும் ஒரு ரிம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டவுடன் இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயருடையது. மாறவில்லையெனில் கோணங்களை நாடவேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் ரிம் வளைந்தோ எடைச் சமநிலை கெட்டோ இருக்கலாம். வேகத்துடன் கூடும் ரீங்காரம் பேரிங்கின் குரல். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சக்கரத்தின் மேல் சாய்வதால், அப்போது ஒலி மிகுந்தால் இடப் பேரிங்கே கெட்டிருக்கக்கூடும். மேடுபள்ளத்தில் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்டால் பால் ஜாயிண்டையும் ஸ்ட்ரட்டின் மேற்பிடிப்பையும் பார்க்கவேண்டும்.

தூக்கி நிறுத்திய பின்

கைபிரேக் போட்டு, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டு வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் பேரிங்குக்கோ பால் ஜாயிண்டுக்கோ உரியது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்டு. ரிம்மின் அருகே ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினால், ரிம்முக்கும் பென்சில் முனைக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைவதைக் கொண்டு ரிம்மின் வளைவை அறியலாம்.

முதலில் அலைன்மெண்ட் செய்தால்

விடுதி நண்பர் ஒருவரின் கார் சென்ற குளிர்காலத்து மூடுபனியில் தடுப்புக்கல்லில் இடித்தது. அடிபட்டது வலப்பக்க முன்சக்கரம். அவர் ஒரு பட்டறைக்குச் சென்று ‘அலைன்மெண்ட்’ என்று மட்டும் சொன்னார். கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். ஸ்டியரிங் நேராயிற்று, அவரும் மகிழ்ந்தார். ஆறு வாரங்களில் அந்த டயரின் உள்விளிம்பு வழுக்கையாகி நூலிழை தெரிந்தது. உள்விளிம்பைக் குனிந்து பார்ப்பவர் யார்? ஊருக்குப் புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, ஸ்டெப்னி மாற்றுகையில்தான் அது கண்ணிற் பட்டது.

நூலும் கல்லும் கொண்டு நாங்கள் அளந்தோம். இடச்சக்கரத்தில் 2 மில்லிமீட்டர். வலச்சக்கரத்தில் 9 மில்லிமீட்டர். இருபுறத்துக்கும் வேறுபாடு 1 பாகைக்கு மேல். பட்டறையில் டை ராடைத் திருகி டோவைச் சரிசெய்துவிட்டார்கள். வளைந்த ஸ்ட்ரட் வளைந்தபடியே இருந்தது. நோயின் குரலை அடக்கி, நோயை உள்ளே விட்டுவிட்ட கதை இது.

வளைந்தது எது என்று கண்டதும் ஒரு சிறிய வடிவகணிதத்தால்தான். அலைன்மெண்ட் யந்திரம் தரும் தாளில் கேம்பருடன், ஸ்டியரிங் அச்சு உள்ளே சாய்ந்துள்ள கோணமும் அளக்கப்பட்டிருக்கும். இல்லையெனில் கேட்டு அளக்கச் செய்யலாம். அவ்விரண்டின் கூட்டுத்தொகை, ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ந்த இரும்பின் வடிவத்தையே பொறுத்தது. லோயர் ஆர்ம் வளைந்தாலோ ஸ்ட்ரட்டின் மேற்பிடிப்பு நகர்ந்தாலோ இரு கோணங்களும் எதிரெதிராக மாறும், கூட்டுத்தொகை மாறாது. ஸ்ட்ரட் அல்லது நக்கிள் வளைந்தாலோ கூட்டுத்தொகையே மாறிவிடும். நண்பரின் காரில் வலப்புறத்துக் கூட்டுத்தொகை இடப்புறத்தினின்று வேறுபட்டது. ஸ்ட்ரட்டை மாற்றி, மீண்டும் அலைன்மெண்ட் செய்து, புது டயருடன் அவர்கள் புறப்பட்டார்கள். ஒருமுறை முடியவேண்டிய செலவு இருமுறையாயிற்று என்பதே மிச்சம்.

பட்டறையில்

நம்மிற் பலருக்கு இந்தி அரைகுறை. அதனால் பட்டறையில் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அது கூடாது. மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லாமல் நோயின் குறியைச் சொல்வதுபோல், இங்கும் குறியைச் சொல்லவேண்டும். ‘காடி பாயீ தரஃப் கீஞ்ச்தீ ஹை’ என்றால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று பொருள். ‘ஆவாஸ் ஆதீ ஹை’ என்று சொல்லி ஒலி வரும் இடத்தைக் கையால் காட்டினாலும் போதும். எந்தச் சக்கரம், எதில், என்ன வேகத்தில் மோதியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வளைந்த டை ராடையோ லோயர் ஆர்மையோ சூடுகாட்டி நிமிர்த்த ஒப்பவேண்டாம். நிமிர்த்திய இரும்பின் வலிமையை நம்புவதற்கில்லை. கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திருத்துவதற்கு முன் எடுத்த அளவு, திருத்திய பின் எடுத்த அளவு இரண்டையும் தாளில் பெற்றுக்கொள்ளுங்கள். முன் எடுத்த அளவே நோயைச் சொல்லும். பின் எடுத்த அளவு தீர்ந்ததா என்பதை மட்டுமே சொல்லும்.

முதலில் டயரும் ரிம்மும், அடுத்து உறுப்புகளின் வளைவும் ஆட்டமும், கெட்டதை மாற்றுதல், இறுதியாக அலைன்மெண்ட். இந்த வரிசை மாறாமலிருந்தால் பணமும் மிஞ்சும், உயிருக்கும் காவல். நம்மவர் கார்களுள் ஓரக்கல்லைத் தொட்டவை இருப்பின், விடுமுறை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். நூலும் கல்லும் நாடாவும் என் அறையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளலாம்.