புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்கள்

எண் நீண்டால் மதிப்பும் உயரும் என்பது இளமையிலேயே நம் மனத்தில் ஊன்றிவிட்ட எண்ணம். முழு எண்களுக்கு இது பிழையாத விதி. தசமப் புள்ளியைத் தாண்டியதும் செல்லாத விதி. 0.5, 0.25, 0.125 என்னும் மூன்றையும் கரும்பலகையில் எழுதி, இவற்றுள் பெரியது எது என்று தாதிப் பயிற்சி பெறும் மாணவியரை நான் கேட்பதுண்டு. 0.125 என விடை கூறுவோர் சிலர் ஆண்டுதோறும் இருக்கின்றனர்.

அவர்களிடம் நம் பழைய பின்னப் பெயர்களை நினைவூட்டுவேன். 0.5 என்பது அரை, 0.25 என்பது கால், 0.125 என்பது அரைக்கால். மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கும் மூதாட்டியும் காலைவிட அரைக்கால் சிறிது என்பதை அறிவார். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வருமுன், பதினாறு அணா கொண்ட ரூபாயில் இரண்டணா அரைக்கால், நாலணா கால், எட்டணா அரை. பெயர் தன் அளவைத் தானே சொல்லிவிடுகிறது. இலக்கமோ, தான் நிற்கும் இடத்தை நாம் பார்க்கவேண்டும் என்கிறது.

புள்ளிக்குப் பின் முதலிடம் பத்தில் ஒரு பங்கு. அடுத்தது நூற்றில் ஒன்று. அதற்கடுத்தது ஆயிரத்தில் ஒன்று. ஆகவே இடமிருந்து தொடங்கி இடத்துக்கு இடம் ஒப்பிடவேண்டும். குறையும் இடங்களைச் சுழியால் நிரப்புவது இன்னும் எளிது: 0.500, 0.250, 0.125. இப்போது உண்மை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இச்சுழிகள் கணக்கிடும் தாளோடு நிற்கட்டும். மருந்துச் சீட்டில் ஏறலாகாது.

இதயத்துக்குத் தரும் டைஜாக்சின் என்னும் மருந்தைப் பாருங்கள். மாத்திரை ஒன்றில் 0.25 மில்லிகிராம் உள்ளது. முதியவர் ஒருவருக்கு மருத்துவர் 0.125 மில்லிகிராம் எழுதுகிறார். தரவேண்டியது அரை மாத்திரை. புள்ளியை மறந்து, 125-ஐ 25-ஆல் வகுத்தால் ஐந்து மாத்திரை என்று விடை வரும். ஐந்து மாத்திரையில் இருப்பது 1.25 மில்லிகிராம், எழுதிய அளவைப்போல் பத்து மடங்கு! வேண்டிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்து இது. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிரே போகக்கூடும்.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடலாம், 0.5 என்றே எழுதுக. முழு எண்ணுக்குப் பின்னே வீண் சுழி சேர்க்கவேண்டா. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றியது போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளில் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து பயன்படுகிறது. பெரியவர்களுக்கும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது வழக்கம். அதை 2.0 என்று எழுதிப் புள்ளி மறைந்தால் 20 ஆகும். பின்னத்தை விலக்க விரும்பினால் 0.125 மில்லிகிராமை 125 மைக்ரோகிராம் என முழுச் சொல்லால் எழுதலாம்.

மாணவியர்க்கு நான் சொல்வது இதுதான்: விடை கண்டதும் மருந்தைக் கையில் எடுத்துவிடாதீர்கள். எழுதிய அளவு மாத்திரையின் அளவைவிடப் பெரிதா, சிறிதா என்று முதலில் கேளுங்கள். சிறிதாயின் ஒரு மாத்திரைக்கு மேல் தேவைப்படாது. அதற்கு மாறாக விடை வந்தால் கணக்கை மீண்டும் போடுங்கள். உடனிருக்கும் மற்றொரு தாதியையும் தனியே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும்.