மண்டையைத் திறக்காமல் உள்ளே பார்த்த கதை



சி.ரி. ஸ்கான் பற்றி ஞாயிறு நிகழ்ச்சியில் நான் பேசியதைக் கேட்ட சிலர், அதை எழுத்திலும் தரும்படி கேட்டிருந்தார்கள். நான் வைத்தியன் அல்லன். வணிகம் படித்த கணக்காளன். ஆனால் இந்த இயந்திரத்தின் உயிர்நாடி ஒரு கூட்டல் கணக்கு என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

1979 இல் என் அப்பப்பா சைக்கிளிலிருந்து விழுந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. வெளிக்காயம் பெரிதில்லை. தலையை எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்துத் தலையிடி என்றார். பேச்சுத் தடுமாறியது, நித்திரை கூடியது. வயது போனால் இப்படித்தான் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். அடுத்த மாதம் காலமானார். என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது.

எக்ஸ்றே பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது எலும்பு மட்டும்தான். ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் 1895 நவம்பரில் றொன்ற்ஜன் கண்டுபிடித்த அந்தக் கதிர் தருவது ஒரு நிழல். முன்னால் உள்ளது, பின்னால் உள்ளது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். மூளையோ மெதுவான இழையம், அதைச் சுற்றித் தடித்த எலும்பு. உள்ளே இரத்தம் கட்டியிருந்தாலும் நிழலில் வேறுபாடு தெரியாது. அதனால் 1919 இலிருந்து, முதுகில் ஊசி குத்தி மூளைக்குள் காற்றை ஏற்றிப் படம் எடுக்கும் ஒரு முறை இருந்தது. அதற்குப் பிறகு வரும் தலையிடி நாட்கணக்கில் நீடிக்குமாம். வேறு வழி இல்லாததால் பொறுத்துக்கொண்டார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். மேல்வரியில் 3, 5. கீழ்வரியில் 4, 1. இப்போது எண்களை அழித்துவிட்டு மொத்தங்களை மட்டும் தருகிறேன்: வரிகள் 8, 5, நிரல்கள் 7, 6. உள்ளே இருந்த எண்களைச் சொல்ல முடியுமா? முடியாது. 2, 6, 5, 0 என்று போட்டாலும் அதே மொத்தங்கள் வரும். ஆனால் மூலைவிட்டத்தின் மொத்தம் 4 என்று இன்னொரு தகவல் கிடைத்தால், விடை ஒன்றே ஒன்றுதான். பேரேட்டில் குறுக்கும் நெடுக்கும் கூட்டிச் சரிபார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்.

சி.ரி. ஸ்கானும் இதையே செய்கிறது. தலைக்குள் ஒரு மெல்லிய தளத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கதிர் உள்ளே போய் வெளியே வரும்போது எவ்வளவு குறைந்தது என்பது, அது கடந்த கட்டங்களின் மொத்தம். பல கோணங்களில் இந்த மொத்தங்களை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கணினி கண்டுபிடிக்கிறது.

இந்தக் கணிதத்தை யொஹான் றாடன் என்பவர் 1917 இலேயே தீர்த்துவிட்டார். அதை அறியாமல் அலன் கோர்மாக் மீண்டும் தொடக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தார். தென்னாபிரிக்காவில் பிறந்த இந்த இயற்பியலாளர், 1956 இல் கேப்டவுனின் குறூட் ஸ்கூர் வைத்தியசாலையில் சில மாதங்கள் பகுதிநேரமாக வேலை செய்தபோது எழுந்த கேள்வி இது. 1963, 1964 இல் கட்டுரைகள் வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த விசாரிப்புகளில் சுவாரசியமானது சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்ததாம்!

கோர்மாக்கைப் பற்றி எதுவும் தெரியாமலே, இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. கம்பனியில் இருந்த கோட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் 1967 இல் இதே யோசனைக்கு வந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். போர்க்காலத்தில் விமானப்படையில் ராடர் கற்றவர். ஒரு பழைய கடைசல் இயந்திரத்தின் தட்டில்தான் முதல் பரிசோதனை. ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க ஒன்பது நாள், கணினி கணக்குப் போட இரண்டரை மணித்தியாலம். பரிசோதிக்கக் காளை மாட்டு மூளைகளை வாங்கி, லண்டனில் பொது வாகனங்களில் பயணிகளோடு பயணியாகக் கொண்டு போனாராம். பக்கத்தில் இருந்தவர்கள் பையைத் திறந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

1971 ஒக்ரோபர் 1 ஆம் திகதி, லண்டன் விம்பிள்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் வைத்தியர் ஜேம்ஸ் அம்புறோஸ் ஒரு பெண் நோயாளியை இந்த இயந்திரத்தில் படுக்க வைத்தார். 180 கோணங்கள், ஒவ்வொன்றிலும் 160 அளவுகள்: ஆக 28,800. அவற்றைக் காந்த நாடாவில் பதிந்து வேறிடத்துக் கணினிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த படம் 80க்கு 80 கட்டங்கள் கொண்டது. இன்றைய கண்ணுக்குக் கரடுமுரடான படம்தான், ஆனால் மூளையின் முன்பகுதியில் இருந்த கட்டி அதில் தெளிவாகத் தெரிந்தது. கோர்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது 1979 இல். எங்கள் அப்பப்பா விழுந்த அதே வருடம்.

பீற்றில்ஸ் இசைத்தட்டுகளில் ஈ.எம்.ஐ. உழைத்த பணத்தில்தான் ஸ்கானர் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. நானும் முன்பு வானொலியில் அப்படிச் சொன்னவன். ஆனால் 2012 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கை எடுத்துப் பார்த்தது. கம்பனி போட்டது ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண். பிரித்தானிய அரசின் சுகாதாரத் திணைக்களம் போட்டது ஆறு லட்சம் பவுண் அளவில். வரி கட்டிய பொதுமக்களின் காசு! நல்ல கதை என்பதற்காக வரவை மாற்றி எழுதக் கூடாது, ஆகவே என் பிழையை இங்கே திருத்திக்கொள்கிறேன். இலாபத்திலும் கம்பனி நிலைக்கவில்லை. மற்றக் கம்பனிகள் போட்டிக்கு வர, நட்டப்பட்டு, பின்னர் ஸ்கானர் தொழிலையே விட்டுவிட்டது.

நேயர்கள் அடிக்கடி கேட்பது கதிர்வீச்சுப் பற்றி. தலைக்கு ஒருமுறை சி.ரி. எடுத்தால் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவேட். மண்ணிலும் வானத்திலும் இருந்து ஒரு வருடத்தில் நாம் எப்படியும் பெறும் அளவுக்கு அண்மித்தது அது. தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. தேவையானபோது பயந்து தள்ளிப்போடவும் கூடாது. எம்.ஆர்.ஐ. வேறு வகை, அது காந்தத்தால் இயங்குவது, இந்தக் கதிர் அதில் இல்லை.

போன மாரியில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எண்பத்து நான்கு வயது, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர். ஒன்றுமில்லை, தேத்தண்ணி போடு என்றார். பத்து நாள் கழித்துத் தலையிடி, சொற்கள் தடுமாறின. எனக்கு அப்பப்பாவின் முகம்தான் வந்தது. காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்கான் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே பிறைபோல ஒரு கருஞ்சாம்பல் பட்டை. மெதுவாகக் கசிந்து சேர்ந்த இரத்தம் என்று வைத்தியர் விரலால் காட்டினார். அன்றிரவே சிறு துளை போட்டு வடித்தார்கள்.

அம்மா இந்த உரையை வானொலியில் கேட்டுவிட்டு, அப்பப்பா விழுந்த அன்று சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டை தேங்காய் இருந்தது என்றார். அது எனக்குத் தெரியாது.