ஒரு லைட்டு, நாலு சுவிட்ச்

மதுரைல மாடி வீடுகள்ல படிக்கட்டுக்கு டூவே சுவிட்ச் வச்சிருப்பாங்க. கீழ போட்டுட்டு மேல போய் அணைக்கலாம். ஸ்மார்ட் லைட்டும் இதே யோசனைதான். போன், ஸ்பீக்கர்னு சுவிட்ச் மட்டும் கூடுது.

சிக்கல் எங்கன்னா, நாம ஸ்மார்ட் பல்பு மாட்டுவோம். அப்பத்தா பழக்கதோஷத்துல சுவத்து சுவிட்சை அணைச்சிருவாங்க. பல்புக்குக் கரண்டே இல்ல. அப்புறம் ஆப்ல எத்தனை தடவை தட்டினாலும் எரியாது.

அதனால என் யோசனை: பல்பை விடுங்க, சுவிட்சை ஸ்மார்ட் ஆக்குங்க. சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒரு சின்ன ரிலே மாட்யூல் போதும். பழைய சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். இன்டர்நெட் போனாலும் சுவிட்ச் கைவிடாது. ராத்திரி பாத்ரூம் போற அப்பத்தா இருட்டுல போனைத் தேடக் கூடாது, இல்லையா?

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பல மாட்யூலுக்கு நியூட்ரல் வயர் வேணும். பழைய வீட்டு சுவிட்ச் பெட்டில அது இல்லாமலும் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்துருங்க. அடுத்து, 2022 அக்டோபர்ல வந்த 'மேட்டர்' தரநிலை இருக்கான்னு கேளுங்க. அதுக்கான ஹப் வீட்ல இருந்தா, உங்க ஐபோனும் அப்பாவோட ஆண்ட்ராய்டும் ஒரே லைட்டை இயக்கலாம்.

கரண்ட் போய் வந்தா லைட்டு பழைய நிலைக்கே திரும்பணும்னு ஆப்ல செட் பண்ணிருங்க. இல்லன்னா நடுராத்திரி தானா எரிஞ்சு எல்லாரையும் எழுப்பிவிடலாம்.

கடைசியா ஒரு பரீட்சை. சித்திரைத் திருவிழாவுக்கு வர்ற சொந்தக்காரங்க, யாரையும் கேக்காம லைட்டைப் போட முடியுதா? முடிஞ்சா, உங்க வீடு நெசமாவே ஸ்மார்ட்டுதான்.