கூந்தலும் கனி அமிலங்களும்

தலை குளித்து முடித்ததும், எலுமிச்சைச் சாறு கலந்த நீரைக் கூந்தலில் ஊற்றி அலசும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. இவ்வழக்கத்திற்கு வேதியியல் அடிப்படை இருக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் ஆப்பிளில் மாலிக் அமிலமும் புளியில் டார்டாரிக் அமிலமும் மிகுந்துள்ளன. வேதியியலாளர் காரல் வில்லெம் ஷீலே 1784ஆம் ஆண்டு எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.

மயிரிழையின் மேற்பரப்பு, கூரையில் வேய்ந்த ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்களால் ஆனது. காரத்தன்மை மிகுந்த சோப்பால் கழுவும்போது இழை நீரை உறிஞ்சிப் பருக்கிறது, செதில்கள் விரிகின்றன. அதனால் இழைகள் உராய்ந்து சிக்குண்கின்றன. கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் வினைபுரிந்து கரையாத படிவை உண்டாக்குவதால் கூந்தலின் பளபளப்பு மங்குகிறது. நீர்த்த அமிலம் இப்படிவை நீக்கி, விரிந்த செதில்களை மீண்டும் படியச் செய்கிறது. சீயக்காய்க் கரைசல் இயல்பாகவே மெல்லிய அமிலத்தன்மை உடையது. எனவே சோப்பைப்போலச் செதில்களை விரியச் செய்வதில்லை.

ஆயினும், இழைக்கு நன்மை தருவது தலைத்தோலுக்கும் நன்மை தரும் எனக் கருதலாகாது. பி.எச். அளவுகோலில் தலைத்தோலின் மதிப்பு ஏறத்தாழ 5.5, எலுமிச்சைச் சாற்றின் மதிப்பு ஏறத்தாழ 2.5. இவ்வளவுகோலில் ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு மிகும். எனவே, மூன்று அலகு வேறுபாடு என்பது ஆயிரம் மடங்கு வேறுபாடாகும்.

பொடுகு நீங்குமென நம்பி, அரிந்த எலுமிச்சையைத் தலையில் நேரடியாகத் தேய்ப்போர் உளர். நகம் கீறிய இடத்தில் சாறு பட்டால் எரிச்சல் உண்டாகும். எலுமிச்சையிலுள்ள ஃபியூரோகுமரின் என்னும் வேதிப்பொருள் தோலில் படிந்த நிலையில் வெயில் பட்டால், அவ்விடம் சிவந்து கொப்புளங்களும் கரும்புள்ளிகளும் தோன்றக்கூடும். பொடுகு உண்டாவதில் மலசீசியா என்னும் பூஞ்சைக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வேறு. நீடித்த பொடுகுக்குத் தோல் மருத்துவரை நாடுதலே தக்கது.

ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டிச் சாற்றைக் கலந்து, கூந்தலில் ஊற்றி, உடனே நல்ல நீரால் அலசுவது போதுமானது. புண் உள்ளபோது அதனையும் தவிர்த்தல் வேண்டும். இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. சாற்றை அப்படியே பூசாமல் நீரில் கலந்து அலசிய பழைய வழக்கத்தில், அமிலத்தின் பயனோடு அதன் அளவும் பேணப்பட்டது.