அரிய காருக்கு நியாய விலை எது?

1962 முதல் 1964 வரை பெராரி நிறுவனம் தயாரித்த 250 ஜீ.டி.ஓ. ரகப் பந்தயக் கார்கள் 36 மாத்திரமே. அவற்றுள் ஒன்று 2018 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடைபெற்ற ஏலத்தில் 48.4 மில்லியன் டொலருக்கு விலைபோனது. எனினும், ஒரு காரின் ஏலத்தொகையை மற்றொன்றுக்கு அளவுகோலாகக் கொள்வது பொருத்தமாகாது. இருவரின் போட்டியே ஏலத்தில் விலையை உயர்த்திவிடக்கூடும். அடிச்சட்டத்தினதும் இயந்திரத்தினதும் இலக்கங்கள் தொழிற்சாலைப் பதிவுகளுடன் ஒத்துள்ளனவா, ஓடிய பந்தயங்களுக்கும் கைமாறிய உரிமைக்கும் தொடர்ச்சியான ஆவணங்கள் உண்டா என்பனவே முதலில் ஆராயப்பட வேண்டும். விபத்தில் சிதைந்து மீளக் கட்டப்பட்ட காரும், மூலப் பாகங்களுடன் எஞ்சிய காரும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும் பெறுமதியில் ஒன்றல்ல. பளபளக்கும் வர்ணத்துக்கன்றி, நிரூபிக்கப்பட்ட வரலாற்றுக்கே வாங்குவோர் விலை கொடுக்க வேண்டும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.