துறுதுறு பையனும் தூங்குமூஞ்சி வாட்ச்மேனும்!

"டாக்டர், இவனுக்கு ஏதாவது லேகியம் குடுங்க. ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தாப் போதும். உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடறேன்!"

சொன்னவர் அம்மா. அவர் சொல்லி முடிப்பதற்குள், மூன்றாம் வகுப்பு படிக்கும் அந்த 'இவன்' என் கல்வத்தில் குழவியை இரண்டு தடவை உருட்டிவிட்டான். மருந்து நிறுக்கும் தராசில் தன் செருப்பை வைத்து எடை பார்த்துவிட்டான். ஃபேன் ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருகியதில் என் மேஜை மேல் இருந்த சீட்டுகள் எல்லாம் பறந்தன.

கூட வந்த பாட்டிக்குத் தாங்கவில்லை. "எல்லாம் இவ குடுக்கிற செல்லம்யா. எங்க காலத்துல புளிய விளாறு ஒண்ணுதான் மருந்து!"

அப்பா? அவர் வாசலில் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பறந்த சீட்டுகளைப் பொறுக்கித் தந்தவனும் அந்தப் பையன்தான். "ஸாரி டாக்டர்" என்றான். பெரியவர்கள் இருவரும் அப்பாவுக்கு உதவி செய்ய வெளியே போன நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டான்: "நான் கெட்ட பையனா டாக்டர்?"

எட்டு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'சும்மா இரு', 'உருப்பட மாட்டே' என்று கேட்டிருந்தால் இப்படி ஒரு சந்தேகம் வரும்!

எல்லாக் குழந்தைகளும் ஓடும், ஆடும். அது நோய் அல்ல. ஆனால், ஓட்டமும் மறதியும் அவசரமும் அந்த வயசுக்கு உரிய அளவைத் தாண்டி, படிப்பையும் சிநேகிதத்தையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் அதற்கு ஒரு பெயர் உண்டு. அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைபர் ஆக்டிவிடி டிஸார்டர். சுருக்கமாக ஏ.டி.ஹெச்.டி. உலக அளவில் சுமார் நூற்றுக்கு ஐந்து குழந்தைகளிடம் இது இருப்பதாகக் கணக்கு. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

"உங்க ஃப்ளாட்ல வாட்ச்மேன் இருக்காரா?"

"இருக்காரு. எப்பவும் தூங்குவாரு!"

"உன் நெத்திக்குப் பின்னாலயும் ஒரு வாட்ச்மேன் இருக்காருடா கண்ணு. யாரை உள்ளே விடணும், யாரை வெளியே நிறுத்தணும்னு பார்க்கிறது அவர் வேலை. டீச்சர் கணக்குச் சொல்றாங்க; அதை உள்ளே விடணும். ஜன்னல்ல காக்கா கத்துது. அதை 'அப்புறம் வா'ன்னு நிறுத்தணும். உன் வாட்ச்மேன் வேலைக்குப் புதுசு. அடிக்கடி கண்ணசந்துடறார். அதனால காக்கா, ஃபேன் சத்தம், பக்கத்துப் பையனோட பென்சில், நேத்துப் பார்த்த சினிமா எல்லாம் ஒரே நேரத்துல உள்ளே வந்துடுது. பாவம், கணக்குக்கு உட்கார நாற்காலியே இல்லே!"

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு யோசித்து, "அப்போ தப்பு என் மேல இல்லையா?" என்றான். "தூங்கறது அவர் தப்பு. அவரை எழுப்பறது நம்ம எல்லாருடைய வேலை" என்றேன்.

கதை வெறும் வேடிக்கை இல்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் கவனத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்துகிறது. டோபமைன், நார் அட்ரீனலின் என்ற ரசாயனங்கள் அங்கே செய்தி கொண்டு போகின்றன. இந்தக் குழந்தைகளிடம் அந்த ஏற்பாடு கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது. 2007-இல் அமெரிக்காவில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், இவர்களின் மூளைப் புறணி முதிர்ச்சி அடைவது சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாகிறது என்று தெரிந்தது. வளர்ச்சி அதே வரிசையில்தான் நடக்கிறது. தாமதமாக நடக்கிறது. பலருக்குப் பெரியவர்களான பிறகும் ஓரளவு தொடர்வதுண்டு.

"இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த வியாதி" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1844-இல் தன் மூன்று வயது மகனுக்காக ஒரு படக்கதைப் புத்தகம் எழுதினார். பின்னால் அதில் சேர்ந்த ஒரு கதையில், சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேஜை விரிப்போடு சாப்பாட்டையும் இழுத்துப் போட்டு விழுகிற ஃபிலிப் என்ற பையன் வருகிறான். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் முன்னிலையில் சொற்பொழிவே ஆற்றியிருக்கிறார். அப்போது ஏது செல்போன்!

"ஆனா டாக்டர், செல்போனை மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம பார்க்கிறானே? அப்போ கவனம் இருக்குன்னுதானே அர்த்தம்?" நூறு அம்மாக்கள் கேட்டிருப்பார்கள். செல்போன் நொடிக்கு நொடி புதுசாக ஏதாவது காட்டும். உடனே பரிசு கொடுக்கும். அங்கே வாட்ச்மேனுக்குத் தூக்கமே வராது. வாய்ப்பாட்டுப் புத்தகம் அப்படியா? கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில் திருப்பி வைக்க முடியவில்லை. அதற்காக இரவு பத்து மணிக்கு மேல் கையில் போனைக் கொடுக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் ஆட்டம் இரட்டிப்பாகும்.

"சர்க்கரைதான் காரணம்" என்று சாக்லேட்டை ஒளித்துவைப்பவர்கள் அடுத்து. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சுவாரஸ்யமானது. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பையன்கள் எல்லாருக்கும் சர்க்கரையே இல்லாத பானம்தான் கொடுத்தார்கள். ஆனால், பாதி அம்மாக்களிடம் 'உங்கள் பையன் நிறைய சர்க்கரை குடித்திருக்கிறான்' என்று பொய் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாக்கள்தான் 'இன்னிக்கு ரொம்ப ஆடறான்' என்றார்கள்! அதிகம் குறை சொன்னவர்களும் அவர்களே. பல் சொத்தைக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், இதற்காக வேண்டாம்.

வளர்ப்புக் குறையும் காரணம் அல்ல. பாட்டிமார்கள் மருமகளை மன்னித்துவிடலாம். இது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. இப்போது பைக் சாவி தேடிய அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். நான் விளக்கிக்கொண்டே போக, மனுஷர் முகம் மாறியது. "ஸ்கூல்ல என்னை பெஞ்சு மேலதான் நிக்க வைப்பாங்க டாக்டர். சோம்பேறின்னு எங்கப்பா பெல்ட்டால அடிப்பார். இந்த வருஷம் இது மூணாவது ஹெல்மெட்..." என்றார். பாட்டி தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். புளிய விளாறு பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல பெண்களிடம் ஓட்டமே இருக்காது. அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேறு உலகத்தில் இருப்பார்கள். நோட்டைத் தொலைப்பார்கள், பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுவார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் டாக்டரிடம் அழைத்து வருவதில்லை. 'மந்தம்' என்று முத்திரை விழுந்துவிடுகிறது.

இனி, லேகியம் விஷயம். ஒரு சித்த மருத்துவன் இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வல்லாரையும் நீர்ப்பிரமியும் நல்ல மூலிகைகள். சிறிய அளவில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால், 'இது ஏ.டி.ஹெச்.டி.யைத் தீர்க்கும்' என்று சொல்ல அவை போதாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நல்ல தூக்கம் தரும். அரை மணி நேரம் அம்மாவின் கை பிள்ளையின் தலையில் இருக்கும். அதற்காகவே செய்யுங்கள், நோய் தீரும் என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இந்தத் தெளிவு இல்லை. இப்படி ஒரு பையனுக்கு 'வாத உடம்பு' என்று சொல்லி ஒரு வருஷம் வல்லாரை நெய் கொடுத்தேன். நானும் நம்பினேன், அவன் அம்மாவும் நம்பினார். ஒன்பதாவதில் தோற்றுப் பள்ளியை விட்டு, லேத் பட்டறைக்குப் போய்விட்டான். சரியான டாக்டரிடம் அனுப்பியிருந்தால் படித்திருப்பானோ, மாட்டானோ. அந்த ஒரு வருஷம் போனது என்னால்தான். 'மூளை டானிக்', 'ஞாபக லேகியம்' என்று லேபிள்கூட இல்லாமல் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் ஈயம் போன்ற உலோகம் கலந்திருந்தால், குழந்தையின் மூளையைக் கெடுப்பதே அதுவாகிவிடும்.

யாரிடம் போவது? குழந்தை மருத்துவர் அல்லது மனநல மருத்துவர். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 'மனநலமா!' என்று பதற வேண்டாம். ஒரே நாளில் முத்திரை குத்த மாட்டார்கள். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்று இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். காது, கண், குறட்டை, ரத்தசோகை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். காது மந்தமான பிள்ளையும் 'கவனிக்கவே மாட்டான்' என்றுதான் பெயர் வாங்கும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிற தவறும் பல நாடுகளில் நடந்திருக்கிறது.

ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோருக்குப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதற்கு மேல், தேவைப்பட்டால் மருந்து. மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் உருவானது. கண்டுபிடித்த லியாண்ட்ரோ பனிஸோனின் மனைவியின் செல்லப் பெயரான ரீட்டாதான் 'ரிட்டாலின்' ஆனது! "இது ஊக்க மருந்தாமே, ஏற்கெனவே ஆடறவனுக்கு ஊக்கம் வேறயா?" என்று கேட்கலாம். ஊக்கம் பையனுக்கு இல்லை, வாட்ச்மேனுக்கு. அவர் ஒரு டீ குடித்து விழித்துக்கொண்டால் கேட் ஒழுங்காகிவிடும். (டீ என்றது உவமைக்கு. பிள்ளைக்கு ஸ்ட்ராங் காப்பி போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!) பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பை டாக்டர் அவ்வப்போது பார்ப்பார். அவரைக் கேட்காமல் நிறுத்துவதோ, என்னைப் போன்றவர்களிடம் வந்து 'இதையும் சேர்த்துக் குடுங்க' என்பதோ கூடாது.

வீட்டில்? "பல்லு தேய்ச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, நோட்டைப் பையில வெச்சுட்டு சாப்பிட வா" என்று சமையல் கட்டிலிருந்து கத்தினால், 'பல்லு' மட்டும் கேட்டைத் தாண்டும். பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, ஒரு சமயத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். மீதியைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். பாடம் பதினைந்து நிமிஷம். பிறகு எழுந்து போய்க் கறிவேப்பிலை பறித்து வரட்டும். மறுபடி பதினைந்து நிமிஷம். 'முழுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினா சைக்கிள்' என்பது பத்து மாதம் தள்ளி. இன்று உட்கார்ந்ததற்கு இன்று சாயங்காலமே அப்பாவோடு ஒரு கேரம் ஆட்டம். அதுதான் வேலை செய்யும். டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், முன் பெஞ்சு ஒன்று கேளுங்கள். கரும்பலகை துடைக்கிற வேலையும் கேளுங்கள்.

கவனம் சிதறும்போது 'டேய் தண்டம்' என்பதற்குப் பதில், 'வாட்ச்மேன்!' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும் என்று அந்த வீட்டில் பேசிவைத்தோம். ஒரு நிபந்தனை: விருந்தாளி முன்னால் சொல்லக் கூடாது, அண்ணன் தங்கை கேலிக்கு எடுக்கக் கூடாது. வார்த்தை அவனுடைய சொத்து.

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் கழித்து எல்லாரும் வந்தார்கள். கல்வத்தை இந்தத் தடவையும் உருட்டினான். ஒரே ஒரு தடவை. "டாக்டர், வாட்ச்மேன் இப்போ ஹிந்தி பீரியட்ல மட்டும்தான் தூங்கறாரு" என்றான். பாட்டி, "எனக்கும் அப்படித்தான்யா, சீரியல் பார்க்கிறப்ப மட்டும் முழிப்பு" என்று எடுத்துக்கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், பெஞ்சில் ஒரு புது ஹெல்மெட். போன் செய்தேன். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன் டாக்டர்" என்றார் அப்பா. அடுத்த வாரம்தான் வந்தார்.